எனக்காகப் பட்டினி கிடந்தவர்கள்

நான்கு வருடம், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், பதினோரு பெண்கள் எனக்காகப் பட்டினி கிடந்தார்கள். என் கணவர் மனம் திருந்தி வந்து என்னை அழைத்துப்போக வேண்டும் என்பது அவர்களுடைய ஜெபம். அவர் வந்துவிடக் கூடாதே என்பது என் பயம். அந்தப் பதினோரு பேருக்கு நடுவில் முழங்காலிட்டு, இது மட்டும் கேட்கப்பட்டுவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே சத்தமாக ஆமென் சொன்னவள் நான். எங்கள் சபையில் இதைவிடப் பெரிய பாவத்தை யாரும் செய்திருக்க மாட்டார்கள் என்றுதான் அப்போது நம்பினேன்.

குற்றம் என்னுடையதுதான். அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்ததே நான். தேனியில் கணவர் வீட்டுக்குத் திரும்பாமல் ஓடைப்பட்டியில் அம்மா வீட்டிலேயே தங்கிவிட்ட முதல் வெள்ளிக்கிழமை, அம்மா என்னை உபவாச ஜெபத்துக்கு இழுத்துப் போனார். ஊருக்கு வெளியே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் சபை. வெள்ளிக்கிழமை காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் பெண்கள் கூடி ஜெபிப்பார்கள். மூன்று மணிக்குக் கஞ்சியும் துவையலும். பாஸ்டரம்மா ஆளுக்கு ஒரு துண்டுத்தாள் கொடுத்து விண்ணப்பம் எழுதச் சொன்னார். நான் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று இன்றைக்குத் தெரியும். அன்றைக்கு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் என் கணவருக்கும் உள்ள கருத்து வேறுபாடு நீங்கி, அவர் வந்து என்னை அழைத்துப்போக" என்று எழுதிக் கொடுத்தேன். புருஷனை விட்டு வந்த பெண் வேறு எதை எழுதுவாள்? எழுதிய கையோடு எனக்கே அது உண்மை மாதிரி இருந்தது.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. விண்ணப்பங்களை ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி வைப்பார்கள். பதில் கிடைத்தால் சிவப்பு மையால் ஒரு டிக் போட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். பதில் வராமல் எதையும் அழிக்கக் கூடாது. அழித்தால் அது அவிசுவாசம். மூட்டு வலி, பிள்ளை வரம், வெளிநாட்டு விசா, சினை பிடிக்காத எருமை எல்லாம் பலகையில் ஏறின, டிக் வாங்கின, அழிந்தன. என்னுடையது மட்டும் மேலே முதல் வரியில் அப்படியே கிடந்தது. எருமை இரண்டு ஈற்று ஈன்றுவிட்டது.

என் கணவர் குடிக்க மாட்டார். எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிகரெட் கிடையாது, வேறு பெண் சகவாசம் கிடையாது. ஒரு தனியார் கம்பெனியில் மேனேஜர். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போவார். அவர் பேசினால் பக்கத்து அறைக்குக் கேட்காது, அவ்வளவு தணிந்த குரல். காலையில் வேலைக்குப் போகும்போது என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போவார். "காலம் கெட்டுக் கெடக்கு, உன் பாதுகாப்புக்குத்தான்" என்பார். முதல் மாதம் அதைப் பாசம் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஜன்னல் கம்பி வழியாகப் பெருமையாகச் சொல்லக்கூடச் செய்தேன். அந்த அக்கா வாசல் பூட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அடி வெளியே தெரிகிற இடத்தில் விழாது. சட்னியில் உப்பு, ஃபோனில் ஒரு மிஸ்டு கால், எதுவும் காரணமாகலாம். அடியைக்கூட மறந்துவிடலாம். அடித்து முடித்துவிட்டுக் கைகால் கழுவிக்கொண்டு வருவார். என்னை முழங்காலிடச் சொல்வார். அவரைக் கோபப்படுத்தியதற்காக நான் ஆண்டவரிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். என் மணிக்கட்டின் உள்பக்கத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு அருகில் நிற்பார். நான் கேட்டு முடித்ததும், "இன்னும் உடையல. உடைஞ்சு ஜெபி" என்பார். மனம் உருகி அழுது ஜெபிப்பதை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவேன். அவருக்குத் திருப்தியாகும் வரைக்கும் எழுந்திருக்க முடியாது.

மூன்று வருடம் இப்படிப் போனது. பெரியப்பா இறந்த துக்கத்துக்கு இரண்டு சேலையோடு ஓடைப்பட்டிக்கு வந்தவள், காரியம் முடிந்தும் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று அம்மாவிடம் சொல்லவும் இல்லை. அம்மா ஒருமுறை கேட்டார். "ஒத்து வரலம்மா" என்றேன். "யாருக்குத்தான் ஒத்து வருது?" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார். எங்கள் சொந்தபந்தம் எல்லாம் விவசாயக் குடும்பங்கள், பரம்பரையாகக் குலசாமி கும்பிடுகிறவர்கள். அம்மா ஒரு பெரிய சீக்கிலிருந்து எழுந்த பிறகு எங்கள் வீடு மட்டும் கிறிஸ்தவத்துக்கு வந்தது. அதில் ஏற்கெனவே அவர்களுக்குக் கடுப்பு. "சாமிய மாத்துனீக, இப்ப புருசனையும் மாத்தப் போறீகளாத்தா?" என்று என் இன்னொரு பெரியம்மா துக்க வீட்டிலேயே கேட்டார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே நான் பல கேள்விகளுக்கு வாயைத் திறக்கவில்லை.

தேனியிலிருந்து வந்த பிறகு எனக்கு ஜெபம் வரவில்லை. கண்ணை மூடினால் கட்டைவிரல்தான் ஞாபகம் வந்தது. உதட்டை மட்டும் அசைப்பேன். கம்பம் பள்ளத்தாக்கில் மேற்கே ஒரு மலை, கிழக்கே ஒரு மலை. வெளியூர்க்காரர்கள் வந்து நின்று அழகு என்று போட்டோ எடுக்கிறார்கள். எனக்கு இரண்டு பக்கமும் யாரோ சுவர் எடுத்துவிட்ட மாதிரிதான் இருந்தது. பூட்டிய வீட்டிலிருந்து வந்தவளுக்கு ஊரே பூட்டிய வீடாகிவிட்டது. கஞ்சி ஊற்றிக் கொடுப்பவர்களைப் பார்த்து எப்படிக் கோபப்படுவது? அதுவும் முடியாது.

அதிலும் பெரியக்கா. சபையில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். அறுபது வயது, திராட்சைத் தோட்டத்தில் களை எடுக்கும் வேலை, சர்க்கரை வியாதி. பட்டினி கிடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியும் கேட்க மாட்டார். இரண்டு மணிக்கு மேல் அவருக்குக் கை நடுங்க ஆரம்பிக்கும். அந்த நடுங்குகிற கையை என் தலையில் வைத்து, "இந்தப் பிள்ளை வாழ்க்கைய சேத்து வைங்கப்பா" என்று கதறுவார். ஒருமுறை மயங்கி என் மேலேயே சாய்ந்தார். வாயில் சர்க்கரையைப் போட்டு எழுப்பினோம். எழுந்ததும், "மணி மூணு ஆயிருச்சா?" என்று கேட்டார். இவரிடம் போய், அக்கா, நீங்கள் கேட்பது எனக்கு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

பிழைப்புக்கு ஒரு திராட்சைக் கொட்டகைக்கு வேலைக்குப் போனேன். தோட்டத்திலிருந்து வரும் கொத்துகளில் அழுகலையும் வெடித்த பழத்தையும் சின்னக் கத்திரியால் வெட்டி எடுத்துவிட்டு, கிரேட்டில் பேப்பர் விரித்து அடுக்க வேண்டும். அந்தக் கொட்டகைக்கு ஒரே வாசல். லோடு ஏற்ற வருகிற வண்டிகள் வாசலை அடைத்துக்கொண்டு பின்பக்கமாக வந்து நிற்கும். அப்போதெல்லாம் எனக்கு மூச்சு முட்டும். ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொள்வேன். சோம்பேறி என்று பெயர் வாங்கினேன்.

மருந்தடிக்கும் மிஷின் ரிப்பேர் பார்க்கக் கம்பத்திலிருந்து ஒருவர் வருவார். அங்கே சொந்தமாகப் பட்டறை வைத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். மனைவி கிட்னி கெட்டுப்போய் இறந்து ஆறு வருடம். இதெல்லாம் கொட்டகைப் பெண்கள் கேட்காமலே சொன்ன தகவல். பட்டறைக்காரர் மூன்றாவது முறை வந்தபோதுதான் கவனித்தேன், அவருடைய வண்டி வாசலுக்கு வருவதே இல்லை. ரோட்டோரம் நிறுத்திவிட்டு, பட்டறையில் சரிபார்த்த அவ்வளவு கனமான மிஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார்.

"வண்டிய இங்கன கொண்டுவந்தா என்ன? எதுக்குச் சொமக்குறீக?" என்று கேட்டேன்.

"வண்டி நின்னா நீங்க வெளிய ஓடிருறீக. எதுக்கு வம்புன்னுதான்" என்றார், மிஷினை மாட்டிக்கொண்டே.

எனக்குக் கோபம் வந்தது. உண்மையாகவே கோபம்தான். நான் இத்தனை பாடுபட்டு மறைத்து வைத்திருந்ததை ஒரு மனிதர் ஸ்பேனரும் கையுமாக, தலையை நிமிர்த்தாமலே சொல்லிவிட்டார். இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. மூன்றாவது வாரம் நானே டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் கம்பத்தில் பழைய ஆலயம் ஒன்றைச் சேர்ந்தவர். அங்கே ஜெபம் எல்லாம் புத்தகத்தில் அச்சடித்திருக்கும், எல்லோரும் சேர்ந்து வாசிப்பார்கள். "படிச்சு ஒப்பிக்கிறதெல்லாம் ஒரு ஜெபமா?" என்று சீண்டுவேன். "உங்க சபையில போடுற சத்தத்துல மேகமலை யானையெல்லாம் கேரளாவுக்குப் போயிருச்சுன்னு ஃபாரஸ்ட்காரக சொல்றாக" என்பார். நான் சிரித்ததைப் பார்த்துக் கொட்டகைப் பெண்கள் கத்திரியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரித்து அவர்கள் பார்த்ததில்லை.

ஒருநாள் கேட்டார், "வெள்ளிக்கிழமையானா இப்படிக் காஞ்சு கருவாடா வாரீகளே, அப்படி என்னதான் கேட்டு ஜெபிக்கிறீக?"

பலகையில் இருப்பதைச் சொன்னேன்.

"அது பலகையில இருக்கு. நீங்க என்ன கேக்குறீக?"

அன்றுதான் பூட்டு, கட்டைவிரல் எல்லாவற்றையும் முதல் தடவையாக ஒரு மனிதரிடம் சொன்னேன். கத்திரியைக் கையில் பிடித்தபடியே சொன்னேன். அவர் "ஐயோ" என்றோ "பாவம்" என்றோ சொல்லவில்லை. கேட்டு முடித்துவிட்டு, "சாப்பிட்டீகளா?" என்று மட்டும் கேட்டார்.

இன்னும் சில மாதம் கழித்து, கிளம்பும் நேரத்தில், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "எனக்கு ஒரு விருப்பம் இருக்கு. சொன்னா நீங்க பதில் சொல்லணும்னு ஆயிரும். அதனால சொல்லல. இருக்குன்னு மட்டும் தெரிஞ்சுக்கங்க."

தெரிந்துகொண்டேன். என் பங்குக்கு எனக்கும் இருந்தது. ஆனால் சட்டப்படி நான் இன்னொருவருடைய மனைவி. கேஸ் போட வேண்டும் என்றால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்னால் அந்தத் துண்டுத்தாள் பொய் என்றாகும், பதினோரு பேரின் பட்டினியும் பொய் என்றாகும். நானே பின்னிய வலையில் நானே மாட்டிக்கொண்டு நின்றேன். சொல்லலாம், சொல்லலாம் என்று வெள்ளிக்கிழமைகள் போய்க்கொண்டிருந்தன.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது.

ஆடி மாதக் காற்று. சபைக் கொட்டகையின் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பெரியக்கா என் தலையில் கை வைத்திருந்தார். யாரோ "ஸ்தோத்திரம்!" என்று கத்தினார்கள். கண்ணைத் திறந்தேன். வாசலில் என் கணவர். வெள்ளைச் சட்டை, கையில் வேதாகமம், கண்ணில் தண்ணீர். அப்படியே மண்டிபோட்டு, "நான் பாவி, என்னை மன்னிச்சிருங்க" என்றார், அதே தணிந்த குரலில். பதினோரு பெண்களும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அம்மா அழுதார். பாஸ்டரம்மா ஓடிப்போய்ப் பலகையில் முதல் வரிக்கு நேரே சிவப்பு டிக் போட்டார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் சாட்சி சொல்லி, பாஸ்டர் கையால் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு, அப்படியே தேனிக்குக் கிளம்புவது என்று முடிவானது. யாரோ முடிவு செய்தார்கள். நான் ஆமென் என்றேனாம். அம்மா பிறகு சொன்னார்.

அன்று சாயங்காலம் வீட்டில் எங்களைத் தனியாகப் பேச விட்டுவிட்டு அம்மா கடைக்குப் போனார். கணவர் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார். "காத்துக்குக் கதவு அடிக்குது" என்றார். உண்மையிலேயே காற்றுதான் அடித்துக்கொண்டிருந்தது. என்னை எதிரில் உட்கார வைத்து, தான் எவ்வளவு மாறிவிட்டார் என்று சொன்னார். அழுதார். ஒருவேளை உண்மைதானோ என்று எனக்கே ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு சொன்னார், "நான் எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுட்டேன். என்னைய நாலு வருசம் ஊர் முன்னாடி தலைகுனிய வச்சதுக்கு நீயும் கர்த்தர்கிட்ட ஒருவாட்டி கேட்டுரு."

நான் முழங்காலிட்டேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அவர் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. சொன்னார், என் கால்கள் தானாக மடங்கின. மன்னிப்புக் கேட்டேன். அவர் குனிந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "பரவாயில்ல. வீட்டுக்குப் போய் நல்லா உடைஞ்சு ஜெபிக்கலாம்" என்றார்.

சனிக்கிழமை முழுக்க வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். ஒருவர் சேலை, ஒருவர் குக்கர், பெரியக்கா தோட்டத்தில் கேட்டு வாங்கிய ஒரு கூடைத் திராட்சை. பெரியம்மாகூட வந்து, "உங்க சாமிக்கும் சக்தி இருக்குத்தான்" என்று பெரிய மனது பண்ணிச் சொல்லிவிட்டுப் போனார். சம்பளப் பாக்கி வாங்கி வருகிறேன் என்று பொய் சொல்லித் திராட்சைக் கொட்டகைக்குப் போனேன். பட்டறைக்காரர் வந்திருந்தார். செய்தி கம்பம் வரைக்கும் போயிருந்தது.

"போறீகளா?" என்றார்.

"நான் என்ன பண்ணட்டும்? நீங்களே சொல்லுங்க."

"நான் எதச் சொன்னாலும் அதுல என் சொந்த ஆசையும் கலந்திருக்கும். அதனால நான் சொல்லக் கூடாது."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "எல்லாருக்கும் நான் என்ன பண்ணணும்னு தெரியுது. எங்கம்மாவுக்குத் தெரியுது, பாஸ்டருக்குத் தெரியுது, எருமைக்காரிக்குத் தெரியுது. நான் கேக்க வந்த உங்களுக்கு மட்டும் தெரியாதாக்கும்! நல்ல மனுசன்னு பேர் வாங்கிக்கிட்டு அங்கனயே நில்லுங்க!" என்று கத்தினேன். கொட்டகையே வேடிக்கை பார்த்தது. அவர் முகம் சுருங்கிப்போய்விட்டது. "போக வேண்டாம்னுதான் நினைக்கிறேன். ஆனா நான் சொல்லித்தான் நிக்கிறீகன்னா, நாளைக்கு என்கிட்டயும் மாட்டிக்கிட்டாப்ல ஆயிரும்" என்றார். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அந்த மனிதர் மேல் அன்றைக்கு இருந்த கோபம் கணவர் மேல்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சபைக் கொட்டகை நிரம்பி வழிந்தது. கணவர் முதலில் சாட்சி சொன்னார். நன்றாகப் பேசினார். பிறகு மைக்கை என் கையில் கொடுத்து, பக்கத்திலேயே நின்றுகொண்டார். எதிரில் பதினோரு பேரும் புதுச்சேலை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். கண் மங்கல் என்பதால் பெரியக்கா எப்போதும் முதல் வரிசை. "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தேன். எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று பாஸ்டரம்மா முந்தின நாளே சொல்லிக் கொடுத்திருந்தார்.

"நான் எழுதிக் கொடுத்த விண்ணப்பம் பொய்" என்றேன்.

மைக்கில் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "இவரு வரணும்னு நான் ஒருநாளும் ஜெபிக்கல. இவரு என்னைய வீட்ல வச்சுப் பூட்டிட்டுப் போவாரு. அடிப்பாரு. அடிச்சிட்டு முட்டி போட வச்சு, நான் மன்னிப்புக் கேக்கணும்பாரு. முந்தாநாளும் கேக்க வச்சாரு."

யாராவது சாட்சியில் தடம் மாறிப் பேசினால் பாட்டை ஆரம்பித்து முடித்துவிடுவது எங்கள் வழக்கம். பாஸ்டர் கையைக் காட்ட, கீபோர்டு சத்தம் எழும்பியது. பின்வரிசையில் கை தட்டக்கூட ஆரம்பித்தார்கள். கணவர் சிரித்த முகத்தோடு, "உணர்ச்சிவசப்பட்டுட்டா, வேற ஒண்ணுமில்ல" என்று என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார். கட்டைவிரல் அதே இடத்தில் அழுந்தியது. என் முழங்கால் மடங்கத் தொடங்கியதை உணர்ந்தேன். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

"ஏலே, அவ கைய விடுறா!"

பெரியக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தார். பாட்டு நின்றது. அவர் கண்ணுக்கு என் முகம் சரியாகத் தெரிந்திருக்காது. அந்தப் பிடி மட்டும் எப்படித் தெரிந்ததோ. "விடுறான்னா!" என்று இன்னொரு முறை கத்தினார். கணவர் விட்டுவிட்டார். நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக்கூடத் தேடாமல் வெளியே நடந்தேன். ரோட்டுக்கு வந்து பட்டறைக்காரருக்கு ஃபோன் செய்தேன். "எங்கன நிக்கிறீக? வண்டிய எடுத்துட்டு வரட்டுமா?" என்றார். "வர வேண்டாம். நான் போகலன்னு சொல்லத்தான் பண்ணேன். யாரும் சொல்லி நிக்கல, நானாத்தான் நிக்கிறேன்" என்றேன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான். தேனியில் கேஸ் நடக்கிறது. வாய்தா மேல் வாய்தா. கணவர் ஒவ்வொரு முறையும், மனைவியோடு சேர்ந்து வாழ விரும்புகிறேன் என்று அதே தணிந்த குரலில் ஜட்ஜிடம் சொல்கிறார். பட்டறைக்காரர் கோர்ட் வாசலில், எதிர்ப் பக்கத்து டீக்கடையில் காத்திருக்கிறார். இரண்டு சபையிலும் எங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். அவருடைய விருப்பத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டார், நானும் பதில் சொல்லிவிட்டேன். தீர்ப்பு வராமல் ஒரு அடி நகர முடியாது. காகிதத்தில் நான் இன்றும் அந்தப் பூட்டிய வீட்டில்தான் இருக்கிறேன். அம்மா என்னோடு பேச ஆறு மாதம் ஆனது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த புதன்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். திராட்சைக் கொட்டகைக்குப் பெரியக்கா நடந்தே வந்தார். ஒரு காலி கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"நாலு வருசம். எத்தனை வெள்ளிக்கெழமன்னு தெரியுமாடி உனக்கு?"

"தெரியும்க்கா."

"மயங்கி விழுந்தேனே, அப்பவாச்சும் என் காதுல சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க பட்டினி கிடக்குறதப் பாத்துத்தான்க்கா சொல்ல முடியல."

"போடி கூறுகெட்டவளே" என்றார். கோபம் உண்மையான கோபம். பிறகு குரலை இறக்கிச் சொன்னார், "எங்க வீட்டுக்காரரும் அடிச்சவருதான். முப்பது வருசம். சொந்தக்காரக எல்லாம் வந்தாக, பாத்தாக, போனாக. கைய விடுறான்னு ஒருத்தரும் சொல்லல. அன்னைக்கு என் வாயில இருந்து அது எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியல. அதுல இருந்து தூக்கமே இல்ல. எனக்காகக் கொஞ்சம் ஜெபி."

"எனக்கு ஜெபிக்க வராதுக்கா."

"நாலு வருசமா என் பக்கத்துல முட்டி போட்டு என்னடி பண்ணிக்கிட்டிருந்த?"

"சும்மா உதட்ட அசைச்சேன்."

பெரியக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சிரித்து ஓய்ந்ததும் என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். "அசைச்சது போதும். சத்தமாச் சொல்லு" என்றார்.

நான் கண்ணை மூடவில்லை, முழங்காலிடவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே, "ஆண்டவரே, இந்த அக்கா நேரத்துக்குச் சாப்பிடட்டும். ராத்திரி நல்லாத் தூங்கட்டும்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவர் தலையை எடுக்கவில்லை. "உனக்கு ஒண்ணும் வேண்டாமா?" என்றார்.

"வேணும்" என்றேன். "ஆண்டவரே, நான் அவருகிட்டத் திரும்பிப் போக மாட்டேன். என்னைய அனுப்பாதீக."

பெரியக்கா உடனே ஆமென் சொல்லவில்லை. அவர் அறிந்த ஜெபங்களில் இப்படி ஒன்று கிடையாது. புருஷனோடு சேர்த்து வைக்கக் கேட்கலாம். பிரித்து வைக்கக் கேட்கலாமா என்று அவர் யோசிப்பது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. நான் காத்திருந்தேன். பிறகு, சோறு போதுமா என்று கேட்கிற சாதாரணக் குரலில், "ஆமென்" என்றார்.